கருத்தில்லாத வெள்ளை

செல்போன்கள் ஊமையான அன்று காலை, ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவுக்குள் வந்து, யாரும் பதற வேண்டாம் என்று பதறிய குரலில் சொல்லிவிட்டுப் போனது. அதுவரை பதறாமல் இருந்தவர்களெல்லாம் அப்போதுதான் பதறினார்கள்.

லாண்டரிக்காரர் அந்நேரம் மொட்டைமாடியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த விரிப்பை அப்படியே பிடித்தபடி நின்று கேட்டார்.

“அன்பான பொதுமக்களே! உங்கள் பேச்சுரிமை எங்கும் போய்விடவில்லை. அது கெட்டுப்போகாமல் இருக்க, பொது அமைதிப் பாதுகாப்புத் துறை அதைப் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறது. நிலைமை சீரானதும் திருப்பித் தரப்படும். நிலைமை சீராகிவிட்டதா என்று யாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டாம்.”

உண்மையைச் சொல்வதானால், செல்போனை நிறுத்துவதில் லாண்டரிக்காரருக்கு முன்பு பெரிய வருத்தமெல்லாம் இருந்ததில்லை. கொஞ்ச நாள் முன்னால் அணை உடைந்துவிட்டது என்று எவனோ ஒரு புண்ணியவான் செய்தி அனுப்பி, பாலத்தில் ஒரே நெரிசல். அவருடைய மாமியார் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் மட்டும் துறை செல்போன்களை நிறுத்தியபோது, “நல்ல வேலை செஞ்சாங்க” என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

இந்தத் தடவை அணையும் உடையவில்லை, வதந்தியும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சதுக்கத்தில் ஜனங்கள் கூடி, “வாத்தியார் எங்கே?” என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான். துறையின் இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கம் கொடுத்தார்: “ஒருவர் எங்கே என்று கேட்பது, அவர் எங்கோ இருக்கிறார் என்ற வதந்தியைப் பரப்புவதற்குச் சமம்.”

பாலத்தையும் மூடினார்கள். லாண்டரிக்காரர் பயந்தது அதைக் கேட்டபிறகுதான். ஏனென்றால் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் மனைவி, துணைக்கு மாமியாரோடு, அங்கே பிரசவ வார்டில் இருந்தாள்.

முதலில் உண்டானது தங்கவில்லை. வெகுநாள் கழித்து இப்போது இரண்டாவது. அவளுக்கு ரத்தக்கொதிப்பு வேறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவர்கள் இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “ரத்தம் தேவைப்படலாம். இவங்க குரூப் லேசில கிடைக்காது. உங்களோடது சேருது. கூப்பிட்டா உடனே வரணும்.” லாண்டரிக்காரர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அவள் விவரமானவள். லாண்டரியில் பாதி வேலை அவளுடையது. மூட்டை கட்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. முடிச்சுப் போட்டபின் இரண்டு காதுகளையும் உள்ளே மடித்துச் செருகிவிடுவாள். இல்லாவிட்டால் தள்ளுவண்டிச் சக்கரத்தில் சிக்கும். இவர் கட்டும் முடிச்சைப் பார்த்து, “இது மூட்டையா முயலா?” என்று கேலி செய்வாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அவள்தான் யோசித்தாள்.

“சதுக்கத்துல கூட்டம் சேருது. போனை நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. பிரசவ வார்டு ஜன்னல் நம்ம மாடிக்குத் தெரியும்ல? பிள்ளை பிறந்து ரெண்டு பேரும் நல்லா இருந்தா நம்ம மஞ்சள் துண்டைத் தொங்கவிடச் சொல்றேன். ரத்தம் கித்தம்னு ஏதாவது ஆச்சுன்னா வெள்ளை. அங்க அவசரத்துக்குக் கைக்குக் கிடைக்கிறது வெள்ளைதான். வெள்ளை தெரிஞ்சா ஓடி வந்துடுங்க.”

“அதெல்லாம் வேண்டியிருக்காது,” என்றார் லாண்டரிக்காரர்.

“மாப்பிள்ளை வாயில சர்க்கரை போடணும்,” என்று சொல்லிக்கொண்டே மாமியார் மஞ்சள் துண்டை மடித்துப் பையில் வைத்தார்.

ஆக, போன் போன நிமிடத்திலிருந்து லாண்டரிக்காரருக்கு இரண்டே வேலை. ஒரு விரிப்பை உதறுவது, ஆற்றுக்கு அப்பால் மேல்மாடி ஜன்னலைப் பார்ப்பது. ஜன்னலில் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு விரிப்பு, மறுபடி ஜன்னல்.

ஒரு மனிதர் துணி காயப்போட்டுக்கொண்டே ஆற்றுக்கு அப்பால் பார்ப்பதை எதிர்க்கட்டட மாடியில் நின்ற காவலர் பார்த்தார். அவர் பார்த்ததை மேலிடத்தில் சொன்னார். அரை மணிக்குள் துறையின் அமைதி அதிகாரி ஒரு காவலரோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மரியாதையான மனிதர். யாரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அவர் அப்படி மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனவர்தான் வாத்தியார்.

அதிகாரி கொடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பாடப்புத்தகத்தை வாசிப்பவர் மாதிரி விரலை நகர்த்திப் பார்த்தார்.

“வெள்ளை, வெள்ளை, பச்சை, வெள்ளை, நீலம். இது என்ன சொல்லுது?”

லாண்டரிக்காரர் ஒரு விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “ஈரம்னு சொல்லுது சார்.”

“விளையாடறீங்களா?”

“இல்ல சார். வெள்ளை விரிப்பு. பச்சை ஆபரேஷன் அங்கி. நீலம் ஓட்டல் சர்வர் சட்டை. துவைச்சு எடுக்க எடுக்கப் போட்டேன். வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல சார்.”

அதிகாரி பரிவோடு சிரித்தார். “அர்த்தம் இல்லாம எதுவும் இல்லை. அர்த்தம் இல்லைன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கே ஒரு அர்த்தம் இருக்கு. எங்க பயிற்சியில முதல் பாடமே அதுதான். வாத்தியாரும் முதல்ல இப்படித்தான் சொன்னார்.”

பிறகு ஒரு சட்டைக் காலரைத் திருப்பினார். உள்ளே, அழியாத மையில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். அதிகாரியின் முகம் மலர்ந்தது. லாண்டரிக்காரர் அது ஓட்டலின் அடையாளம் என்றும், குறி போடாவிட்டால் சர்வர் சட்டை டாக்டருக்கும் டாக்டர் கோட்டு சர்வருக்கும் போய்விடும் என்றும் கைகூப்பிச் சொன்னார். அதிகாரி காவலரிடம் திரும்பி, “ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் தொடர்பு இருக்கிறதை ஒத்துக்கிட்டார்” என்றார்.

அதன்பின் கேள்விகள் வரிசையாக வந்தன. இந்தத் துணியை ஏன் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறீர்கள், இதற்கு ஏன் இரண்டு கிளிப், அதற்கு ஏன் ஒன்று, காற்றில் கை ஆடுகிற சட்டையை யார் ஆட்டச் சொன்னது. லாண்டரிக்காரர் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். ஒன்றையும் அதிகாரி நம்பவில்லை. கடைசியில் சலித்துப்போய், பொதுவான விஷயம் கேட்பவர் மாதிரி கேட்டார்:

“சரி. இவ்வளவு வருஷமா துணியோட இருக்கீங்க. உங்க அனுபவத்துல, எந்தக் கருத்தும் இல்லாத துணின்னா எது?”

லாண்டரிக்காரரின் மூளை அதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. இவர்கள் துணியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக்கே ஆஸ்பத்திரி ஜன்னலுக்கும் போவார்கள். மஞ்சள் துண்டைப் பிடுங்கினால் பரவாயில்லை, நல்ல செய்தி தாமதமாக வரட்டும். வெள்ளையைப் பிடுங்கினால் அவள் செத்துப்போவாள். எப்படியாவது வெள்ளையைக் காப்பாற்றியாக வேண்டும்.

“வெள்ளை சார்,” என்றார். “வெள்ளையில என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை.”

அவர் அதற்குமுன் சொன்ன நூறு உண்மையையும் நம்பாத அதிகாரி, இந்த ஒரு பொய்யை அப்படியே நம்பினார். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் படி இறங்கினார். லாண்டரிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம்.

மறுநாள் காலை வண்டி வந்தது. இயக்குநரே பேசினார்.

“அன்பான பொதுமக்களே! வண்ணத் துணிகள் வழியாகச் சதி நடப்பதைத் துறை கண்டுபிடித்திருக்கிறது. ஆகவே இன்றுமுதல் கொடி, ஜன்னல், பால்கனி எங்கும் வெள்ளைத் துணி மட்டுமே தொங்கலாம். வெள்ளைக்குக் கருத்து இல்லை என்று துறைசார்ந்த நிபுணர் ஒருவர் சான்று அளித்திருக்கிறார். வெறுமையான ஜன்னல் எதையோ சொல்லாமல் மறைப்பதாகக் கருதப்படும். ஆகவே எல்லா ஜன்னலிலும் வெள்ளை கட்டாயம். எந்தத் துணியைத் தொங்கவிடுவது என்ற உங்கள் சுதந்திரத்தில் துறை தலையிடாது, அது வெள்ளையாக இருக்கும்வரை.”

துறைசார்ந்த நிபுணர் கையிலிருந்ததைக் கீழே போட்டார். மாடிக்கு ஓடினார். ஆற்றுக்கு அப்பால் ஆஸ்பத்திரி முழுக்க அதற்குள்ளாகவே வெள்ளை. கீழ்மாடி, மேல்மாடி, சமையலறை, பிணவறை, ஒரு ஜன்னல் பாக்கியில்லை. அவள் வார்டு ஜன்னலிலும் வெள்ளை தொங்கியது. அது ஆணைக்காகத் தொங்குகிறதா, ரத்தத்துக்காகத் தொங்குகிறதா?

கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். வெள்ளை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாயாலேயே அவளைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தார்.

தெருவில் ஊரே அல்லாடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி இல்லாதவர்கள் வேட்டியைக் கிழித்தார்கள். பூப்போட்ட திரைச்சீலையைக் கொண்டுவந்து, “பூவை மட்டும் எடுத்துடுங்க” என்று லாண்டரி வாசலில் நின்றார்கள் சிலர். எதிர்வீட்டுக் கிழவர் பழுப்பேறிப்போன பனியனைத் தொங்கவிட்டதற்காக, பழுப்பின் மூலம் என்ன சொல்லவருகிறார் என்று காவலர் விசாரித்துக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரர் அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் பாலத்துக்கு ஓடினார்.

பாலத்தின் தலைப்பில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது அதே அமைதி அதிகாரி.

“சார், என்னை விடுங்க. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்கா. அவளுக்கு ரத்தம் தேவைப்படுது.”

“அடடா. எப்படித் தெரியும்?”

லாண்டரிக்காரர் ஜன்னல் பக்கம் கையைத் தூக்கப்போனார். சட்டென்று இறக்கிக்கொண்டார்.

அதிகாரி நிதானமாக விளக்கினார். “அவசரம்னு செய்தி வந்திருந்தா, தடையை மீறி உங்களுக்கு யாரோ செய்தி அனுப்பியிருக்காங்க. அது குற்றம். அனுப்பினவங்களும் உள்ளே, நீங்களும் உள்ளே. செய்தி வரலைன்னா, அவசரம் இல்லை. அவசரம் இல்லாதவங்களுக்குப் பாலம் எதுக்கு? சொல்லுங்க, செய்தி வந்துச்சா, வரலையா?”

“வரல சார்,” என்றார் லாண்டரிக்காரர்.

“நல்ல செய்தி. வீட்டுக்குப் போங்க.”

“மனசு கேக்கல சார். சும்மா ஒரு தடவை பாத்துட்டு…”

“பாருங்க, எனக்கும் குடும்பம் இருக்கு. என் பொண்ணும் அந்தப் பக்கம்தான் இருக்கா. நேத்துலேருந்து நானும் அவகிட்ட பேசல. அவ பத்திரமா இருக்கான்னு துறை எனக்கு வேளாவேளைக்கு உறுதி சொல்லுது. நான் நம்பறேன்.” சொல்லிவிட்டு அதிகாரி ஆற்றுக்கு அப்பால் ஒரு நொடி பார்த்தார். பார்த்தது தெரிந்துவிட்டதோ என்று சட்டென்று மேஜையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலை மாற்றி, “நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு” என்றார்.

விஷயம் இதுதான். ஆணைப்படி ஜன்னலுக்கெல்லாம் தொங்கவிட்டதில் ஆஸ்பத்திரியில் விரிப்பே தீர்ந்துவிட்டது. நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடக்கிறார்கள். அழுக்குத்துணி மலையாகக் குவிந்துவிட்டது. உடனே வெளுத்த விரிப்புகள் வேண்டும்.

லாண்டரிக்காரருக்குச் சாமி கண் திறந்த மாதிரி இருந்தது. “இதோ, இப்பவே நானே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய்…”

“துணிக்கு அனுமதி இருக்கு. உங்களுக்கு இல்லை. வண்டியைக் காவலர் தள்ளுவார்.”

கெஞ்சினார். காலில் விழப்போனார். பின்னால் நின்ற காவலர் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார். நிமிர்த்திய கை அங்கேயே இருந்தது. லாண்டரிக்காரர் திரும்பி வந்து விரிப்புகளை மடித்தார். மூட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டாவது வைக்கலாமா என்று நினைத்தார். காவலர் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வைக்கவில்லை. வண்டி பாலத்தில் உருண்டு போவதை, தன் உடம்பு ரத்தமெல்லாம் இந்தக் கரையிலேயே வீணாக நிற்க, பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்த நேரம் முழுக்க அவர் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டார். பாதியில், இதுவும் அனுமதியில்லாத தகவல் தொடர்பாகிவிடுமோ என்று பயந்து, மனதுக்குள்ளும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பிற்பகலில் வண்டி அழுக்குத்துணியோடு திரும்பியது. கூடவே அதிகாரியும் லாண்டரிக்கு வந்தார். உள்ளே வரும் துணியையும் சோதிக்க வேண்டும் என்று விதி. மூட்டைகளைத் தரையில் இறக்கியதும் அடித்த வாடையில், அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“நீங்களே பிரிங்க. நான் இங்கேருந்து சோதிக்கறேன்.”

முதல் மூட்டை, சமையலறைத் துணி. இரண்டாவது, ஆண்கள் வார்டு. மூன்றாவதைத் தொட்டபோது லாண்டரிக்காரரின் கை நின்றது.

முடிச்சின் இரண்டு காதுகளும் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தன.

மாமியாருக்கு அப்படிக் கட்ட வராது. ஆஸ்பத்திரி ஆட்கள் முடிச்சே போடமாட்டார்கள், சும்மா சுருட்டி எறிவார்கள். இந்த முடிச்சைப் போட இந்த ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு. அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் தெம்பு இருக்கிறது. இழுத்து இறுக்கியிருக்கிறாள், மகராசி, வழக்கம்போலவே.

அவிழ்த்தார். மேலே ரத்தக்கறை படிந்த விரிப்புகள். பிரசவ வார்டு என்றால் ரத்தம் இருக்கும், எத்தனையோ பேர் ரத்தம், அவருக்குப் பழக்கம்தான். விலக்கிப் பார்த்தார். நடுவில் சுருட்டி வைத்திருந்தது வீட்டு மஞ்சள் துண்டு. அதன் மத்தியில் தார் அப்பிய மாதிரி கன்னங்கரேலென்று ஒரு கறை. அந்தக் கறையை அவர் எத்தனை வருஷமாகத் துவைத்திருக்கிறார்! பிறந்த குழந்தை முதன்முதலில் போவது. அதற்குப்பின் அந்த நிறம் வராது. எந்தச் சோப்புக்கும் லேசில் போகாது.

பிள்ளை பிறந்துவிட்டது. வயிறு வேலை செய்கிறது. அவள் ஜன்னலில் தொங்கவிட முடியாததை, எந்த அதிகாரியும் தொடமாட்டான் என்று தெரிந்து, தன் புருஷன் கை மட்டும் படும் இடத்தில் வைத்து அனுப்பியிருக்கிறாள்.

“என்ன அது கறுப்பா? மையா? ஏதாவது எழுதியிருக்கா?” என்றார் அதிகாரி வாசலிலிருந்து.

“குழந்தை போன ஆய் சார்.”

அதிகாரி ஒரு படி பின்னால் இறங்கினார். “அதுக்கு என்ன அர்த்தம்?”

லாண்டரிக்காரர் வாழ்நாளில் ஒரு துணிக்கு இவ்வளவு அர்த்தம் இருந்ததில்லை.

“அர்த்தம் ஒண்ணும் இல்ல சார். அழுக்கு.”

“அது சரி,” என்றார் அதிகாரி. உடனே கண்ணைச் சுருக்கினார். “உங்க கை ஏன் இப்படி நடுங்குது? முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது செய்தி வந்துச்சா?”

சிரிப்பு தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. அழுகையும் அதன் பின்னாலேயே நின்றது. எது வெளியே வந்தாலும் தொலைந்தார். அவரும் தொலைந்தார், அவளும் தொலைந்தாள்.

“பயம் சார்,” என்றார். “உங்களைப் பாத்தா பயம்.”

அதிகாரியின் முகம் இளகியது. “அப்ப சரி. பயம் நல்லது. பயம் இருக்கிற இடத்துல அமைதி இருக்கும். அதைத்தான் நாங்க எல்லார்கிட்டயும் எதிர்பார்க்கிறோம்.” காவலரைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

லாண்டரிக்காரர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். அப்புறம் துண்டை அலசினார். தேய்த்தார். கறை பாதிதான் போனது, மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. தேய்க்கத் தேய்க்க ஒரு நினைப்பு அவரை விடவில்லை. அவள் இப்போது ஜன்னலோரம் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பாள். மூட்டை போய்ச் சேர்ந்ததா, கைக்குக் கிடைத்ததா, புரிந்ததா என்று தவிப்பாள். தனக்கு நேற்றிலிருந்து என்ன பாடோ அதே பாடு, பச்சை உடம்புக்காரிக்கு. அப்புறம் அந்தப் பிள்ளை. அது ஒருநாள் பேச ஆரம்பிக்கும். பேச ஆரம்பித்தால் முதலில் ‘அப்பா எங்கே?’ என்றுதான் கேட்கும். எங்கே என்று கேட்டால் இந்த ஊரில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

துண்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வெள்ளை விரிப்புகளை ஒதுக்கி, ஆற்றைப் பார்த்த பக்கமாக, நட்டநடுவில் மஞ்சளைத் தொங்கவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆற்றுக்கு அப்பால், மேல்மாடி ஜன்னல் ஒன்றில், வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டது. ஜன்னல் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, கையில் சின்னதாக எதையோ ஏந்திக்கொண்டு. மறுபடி வெள்ளை விழுந்து மூடியது.

எதிர்மாடியில் காவலரின் விசில் ஒலித்தது. கீழே கதவு படாரென்று திறந்தது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தது. லாண்டரிக்காரர், காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மஞ்சள் துண்டுக்கு இன்னொரு கிளிப் போட்டார்.